பட்டாளத்துக் கல்லும் எங்கள் வீட்டுச் சாய்தளமும்

ஜூன் 4, புதன்

தலைவர் அழகுமலை வந்தார். ஊராட்சித் தலைவர் ஒருவர் நம் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார் என்றால் எழுதுகிற வேலை ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். கருங்காலேந்தலில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று ஒரு வதந்தி உண்டு. ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் நானும் அதை மறுப்பதில்லை.

"அக்கா, நம்ம பட்டாளத்துக் கல்லைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. பாரம்பரிய முக்கியத்துவம்னு தலைப்பு. மெட்ராஸ்ல இதுக்குன்னே ஒரு ஆபீசு இருக்காம்ல."

"அந்தக் கல்லுக்கு என்ன தம்பி முக்கியத்துவம்?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க்கா உங்ககிட்ட வர்றேன்?"

கல் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே நிற்கிறது. படி இறங்கினால் கைக்கு எட்டும். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டிய பளிங்குப் பலகை. பெயர் ஒன்றுகூட இல்லை. போனவர்கள், செத்தவர்கள் என்று இரண்டே வரிகள். திரும்பி வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்று சொல்லப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

ஹவில்தாருக்குக் கஞ்சி கொடுத்தேன். பாதி உள்ளே போனது.

ஜூன் 7, சனி

இரண்டு பக்கம் நாலு பக்கமாகிவிட்டது. நூலகத்தில் வேலை பார்த்தவர்களின் வியாதி.

இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார். ஆள் சேரப் போகிறவன் கல்லுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறான். விடுமுறையில் வருகிறவன் கேண்டீனில் வாங்கிய ரம்மில் முதல் மூடியைக் கல்லின் தலையில் ஊற்றிவிட்டுத்தான் மீதியைத் தன் வாயில் ஊற்றுகிறான். இதை 'திரவ நிவேதனம்' என்று எழுதினேன். கல்லைப் 'பட்டாளத்தய்யா' என்று கும்பிடுவதை 'வாழும் பாரம்பரியம்' என்று எழுதினேன். எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி எழுதவில்லை.

ஹவில்தார் என்று நான் குறிப்பது என் கணவர் முத்திருளை. பட்டாளத்திலிருந்து வந்தபின் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றார். போன தையில் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது காலும் படுத்துக்கொண்டன. பேச்சில் மிஞ்சியவை சில சொற்கள்.

ஜூன் 12, வியாழன்

திருப்பத்தூரிலிருந்து இயன்முறை மருத்துவர் பெண் வந்து பார்த்தது. சின்னப் பெண். பெரியவர்களைத் திட்டுவதற்கென்றே படித்தது போலிருந்தது.

"வாரத்துக்கு மூணு நாள் எங்க சென்டருக்குக் கூட்டிட்டு வாங்கம்மா. கட்டில்லயே கெடந்தா கை இறுகிப் போயிரும். அப்புறம் நானே வந்தாலும் விரிக்க முடியாது."

கூட்டிப் போக வேண்டியதுதான். ஆனால் கண்மாய் உடைந்தால் தண்ணீர் உள்ளே வராதிருக்க மாமனார் வாசலில் உயரமாகப் படி கட்டியிருக்கிறார். பின்பக்கம் வழி கிடையாது. அடுத்த வீட்டுச் சுவர். சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்க நாலு ஆண்கள் வேண்டும். இந்த ஊரில் நாலு ஆண்கள் வேண்டுமென்றால் விடுமுறைக் காலமாகப் பார்த்து நோய்ப்பட வேண்டும். மற்ற நாட்களில் அவர்கள் எல்லையைக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

கொத்தனார் சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டேன். படிமேல் சரிவாக ஒரு சாய்தளம். அடுத்த வாரம் வருகிறார்.

ஜூன் 19, வியாழன்

கொத்தனாரும் அரசாங்கமும் ஒரே நாளில் வந்தார்கள்.

அழகுமலை சொன்ன மெட்ராஸ் ஆபீஸின் ஆய்வாளர் குமரகுரு, நல்ல மனிதர். நாடாவைப் பிடித்துக் கல்லிலிருந்து நாலாபுறமும் அளந்தார். ஒரு புறம் அளக்கும்போது நாடா எங்கள் வாசற்படி ஏறி, திண்ணையைத் தாண்டி, அடுப்படி வரை வந்தது.

"மேடம், நீங்க எழுதினதப் படிச்சு எங்க மேலதிகாரி கண் கலங்கிட்டாரு. உடனே பாதுகாக்கப்பட்ட சின்னமா அறிவிச்சாச்சு. இனி இந்த எல்லைக்குள்ள ஒரு செங்கல் வைக்கக் கூடாது."

சவரிமுத்து கையிலிருந்த செங்கலைப் பார்த்தார். பிறகு வண்டியில் வைத்தார்.

"படி இருக்கே சார்?" என்றேன்.

"படி ஏற்கெனவே இருக்கு. ஏற்கெனவே இருக்கிறது எல்லாம் பாரம்பரியம்."

"உள்ளே என் வீட்டுக்காரரும் ஏற்கெனவே இருக்கிறவர்தான். பட்டாளத்து ஆள். வெளியே வர முடியாம இருக்கார்."

எட்டிப் பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சாருக்குன்னு சட்டத்துல தனியா ஒண்ணும் சொல்லல மேடம்" என்றார். அவருக்குக் காபி கொடுத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மரப்பலகை போட்டுக்கொள்ளலாமா என்று போனில் கேட்டேன். தற்காலிகக் கட்டுமானமும் கட்டுமானம்தானாம்.

ஜூன் 28, சனி

ஹவில்தார் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே ஊர் கூடும் மந்தைத் திடலைப் பார்க்கிறார். கல்லுக்கு அந்தப்புறம் டீக்கடை. அங்கே அவருடைய கூட்டாளிகள் அவர் இல்லாமல் பாகிஸ்தானைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டீ" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். இடது கையால் டம்ளரைத் தள்ளிவிட்டார். மறுபடி "டீ" என்றார். மறுபடி போட்டேன். மறுபடி தள்ளினார். மூன்றாவது முறை போட்டு நானே குடித்தேன். என் டீ மோசமில்லை.

அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போக முடிவதில்லை. போவதற்கு இடமும் இல்லை என்பதால் இது ஒரு குறையாகப் படவில்லை. நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களின் வாசனை எப்படி இருக்கும் என்று சற்றுநேரம் யோசித்தேன்.

ஜூலை 3, வியாழன்

சாய்தளத்துக்காக நான் எழுதிப் போட்ட மேல்முறையீட்டுக்குப் பதில் வந்துவிட்டது. இவ்வளவு விரைவாக இவர்கள் எதையும் செய்ததாகச் சரித்திரம் இல்லை. கல்லின் சுற்றுப்புறத்தை மாற்ற இயலாது, ஏனெனில் 'கல்லும் அதை எதிர்நோக்கும் வீட்டுப் படிகளும் பிரிக்க முடியாத ஒரே காட்சி. எத்தனையோ தாய்மார்கள் அந்தப் படிகளில் நின்றுதான் மகன்களை வழியனுப்பினார்கள்' என்று அறிக்கையே கூறுகிறது.

அறிக்கையை எழுதியவள் நான். நல்ல வாக்கியம்தான். எழுதும்போதே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

ஜூலை 11, வெள்ளி

மந்தையில் ஒரே சத்தம். கல்லுக்கு எண்ணெய், மஞ்சள், ரம் எதுவும் கூடாது, பளிங்கு அரித்துவிடும் என்று குமரகுரு சொல்லியிருக்கிறார். பூசாரி வைரவன் மாமா கையில் எண்ணெய்ச் சட்டியோடு அவர் முன்னால் நிற்கிறார்.

"ஏன்யா, நூறு வருசமா அரிக்காதது நீ வந்தன்னைக்கித்தேன் அரிக்குதா? எங்க அய்யாவுக்குக் குளிக்கக் குடுத்துவைக்கலன்னா அவரு எங்கிட்டுப் போவாரு? ஒங்க வீட்டுக்கு வரட்டுமா?"

பின்னால் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். குமரகுரு வீட்டில் கல்யாணமாகாத இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம். எந்தச் சாமியும் தன் வீட்டுக்கு வருவதை அவர் விரும்பவில்லை.

"வழிபாட்டுல நாங்க தலையிட மாட்டோங்கய்யா. அது சட்டத்துலயே இருக்கு" என்றார்.

சாயங்காலத்துக்குள் கல்லின் முன்னால் விளக்கு வைக்க ஒரு பீடம் எழுந்துவிட்டது. சிமெண்டும் செங்கலும். சவரிமுத்துதான் கட்டினார். குமரகுரு அதைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினார்.

நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

வைரவன் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வடை கொடுத்தேன்.

"ஏன் மாமா, பட்டாளத்தய்யா வீடுகளுக்கு வருவாரா?"

"அழைச்சா வருவாரு தாயி. பட்டாளத்தான் வீடுன்னா கூப்புடாமயும் வருவாரு."

"எங்க வீட்டுக்கு வந்ததே இல்லையே. இவரும் இப்படிக் கெடக்கார். படி உசரமா இருக்கோ என்னமோ. பூட்ஸ் போட்ட சாமி, ஏற முடியாம வாசல்லயே நிக்கிறாரோன்னு ஒரு நெனப்பு."

அவர் வடையை மென்றபடி படியைப் பார்த்தார். உள்ளே இருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சாமி கும்புட்டு நான் பாத்ததில்லையே தாயி."

"இப்பத்தான் மாமா கொஞ்ச நாளா."

"சரிவா ஒரு பாதை போட்டா ஏறீருவாரு" என்றார் கடைசியில். "ஆடி மொத வெள்ளிக்கிப் போட்டுருவோம்."

இன்னும் இரண்டு வடை கேட்டார். கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

சாய்தளம் தயார். வழுக்காமல் இருக்கச் சவரிமுத்து குறுக்கே கோடு கிழித்திருக்கிறார். மருத்துவமனையில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது. படிகளை ஏறக்குறைய முழுக்க மூடிவிட்டது. ஓரத்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் இறங்கும் அளவுக்கு மட்டும் இடம். அடி முதல் நுனி வரை மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, இரு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

குமரகுரு வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

அவருக்கு மறுபடியும் காபி கொடுத்தேன். வெற்றி பெற்றவர்கள் அடக்கமாக இருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

ஹவில்தாருக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன். காருக்குச் சொல்லியிருந்தேன். நிலைப்படியைத் தாண்டி முன்சக்கரம் சாய்தளத்தில் படப்போகும் நேரத்தில் தெருவே அலறியது.

"ஆத்தி! சாமி பாதையில சக்கரத்த ஏத்துறா!"

வைரவன் மாமா ஓடி வந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

"என்ன மாமா இது? நமக்குள்ள பேசினதுதானே?"

"நீ கேட்ட, அய்யா குடுத்துட்டாரு. போட்டப்பறம் அது அவரு நடக்குற பாதை தாயி. இதுல மனுசன் காலு படக் கூடாது. சக்கரம் ஆகவே ஆகாது."

"நீங்களும் சேர்ந்துதானே மாமா..."

"நேத்து மஞ்சப் பூசுறப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு தாயி. நான் ஒண்ணும் பொய்யாச் செய்யல."

அவர் கண்களைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவராக இருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

கார்க்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இனி நானும் ஓரத்தில் பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். முன்பு படியிருந்தது, ஹவில்தாருக்கு வழியில்லை. இப்போது இருவருக்கும் இல்லை. சமத்துவம் என்பார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

ஹவில்தாருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. நெடுநேரம் துடைத்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

மருத்துவர் பெண் போனில், "விரல் எப்படிம்மா இருக்கு?" என்றது.

வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கின்றன. நகம் வெட்டுவதற்காக ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன். விட்டால் மடங்கிவிடுகின்றன. "பரவாயில்லை" என்றேன். அது, "அப்படின்னா மோசம்" என்றது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினமும் ஆடிக் கடைசி வெள்ளியும் ஒன்றாக வந்துவிட்டன. கல் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதற்கான நீலப் பலகையைத் திறந்து வைக்கிற விழா. ஊர் முழுவதும் மந்தையில். விடுமுறை எடுத்துக்கொண்டு வந்த ஆண்களும் இருந்தார்கள்.

அழகுமலை பேசினார். என் நாலு பக்கத்தையும் படித்தார். 'திரவ நிவேதனம்' என்ற இடத்தில் கைதட்டல். பிறகுதான் மேடையில் 'மூத்த படைவீரர்' என்று சீட்டு ஒட்டிய நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தார்.

"முத்திருளை அண்ணன் எங்கே? கூட்டியாங்க!"

"எதுல கூட்டியார்றது?" என்று நான் வாசலிலிருந்தே கேட்டேன். ஹவில்தார் எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். சட்டையில் பதக்கம் குத்தியிருந்தேன்.

எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். ஓரமாகத் தூக்கி இறக்கலாம் என்றார் ஒருவர். ஓரத்தில் நாற்காலி நுழையாது என்றார் இன்னொருவர். பாதையில் கம்பளம் விரித்தால் தீட்டில்லை என்றார் அழகுமலை. "கம்பளத்துக்குக் கீழ அய்யா இருக்காருல்ல?" என்றார் வைரவன் மாமா. சட்டப்படி தனக்கு இதில் கருத்து எதுவும் இல்லை என்றார் குமரகுரு. பேசிக்கொண்டே இருந்தார்கள். ஹவில்தார் டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நாற்காலி நகர்ந்துவிட்டது.

நான் பிடியை விட்டேனா, அது நழுவியதா என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. சரிவு அதிகமில்லை, எதிரே புதுப் பீடம் தடுத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று எழுதினால் தவறாகப் படும். எழுதவில்லை.

மஞ்சளைக் கிழித்துக்கொண்டு, ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி, பீடத்தில் இடித்து நின்றது. ஹவில்தார் வாய்விட்டுக் கத்தினார். பயத்தில் கத்தினார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கண்மாய்க்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சைக்கிள் விட்டபோதும் இப்படித்தான் கத்தினார்.

வைரவன் மாமா சக்கரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். கிழிந்த பாதையைப் பார்த்தார். அந்தப் பாதையில் வரக்கூடியவர் ஒருவர்தான் என்று ஊருக்கே சொல்லிவைத்தவர் அவர். ஒருவர் வந்தும்விட்டார். மாமா நெடுஞ்சாண்கிடையாக ஹவில்தாரின் காலில் விழுந்தார்.

"அய்யா எறங்கிட்டாருடோய்!"

குலவைச் சத்தத்தில் தேசிய கீதம் கேட்கவில்லை. ரம்மை முதலில் கல்லுக்கு ஊற்றினார்கள், அடுத்து ஹவில்தாருக்கு. அவர் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நிலவரம் இது.

ஹவில்தார் வெள்ளிதோறும் வெளியே வரலாம். மற்ற நாட்களில் கூடாது. வெள்ளியன்று நாற்காலியைத் தூக்க இப்போதே பதினாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் இவர்களில் பாதிப்பேர் வீட்டுக்கு நான் ஆள் கேட்டுப் போயிருக்கிறேன். டீக்கடைக்குப் போகலாமா என்று கேட்டேன். சாமி பெஞ்சில் உட்காரக் கூடாதாம். கூட்டாளிகள் வந்து பேசலாமா என்றேன். பேசலாம், நின்றுகொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. பாகிஸ்தான் தப்பித்தது.

"அப்ப திருப்பத்தூருக்கு, வைத்தியத்துக்கு?"

"எல்லைக்கல்லத் தாண்டி அய்யா வரமாட்டாரு தாயி" என்றார் வைரவன் மாமா, எனக்காக வருத்தப்பட்டு.

அழகுமலை மகிழ்ச்சியாக இருக்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டம் வருகிறதாம். குமரகுரு போன் செய்தார். சக்கர நாற்காலியையும் அசையும் பாரம்பரியப் பொருளாகச் சேர்க்க மேலதிகாரி விரும்புகிறார். அதன் முக்கியத்துவம் பற்றி இரண்டு பக்கம் வேண்டும்.

கை வலிக்கிறது என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையிலேயே தூக்க வந்துவிட்டார்கள். கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி, மாலை போட்டு, மடியில் திருநீற்றுத் தட்டை வைத்தார்கள். முதலில் வந்தவள் கைக்குழந்தையோடு ஒரு பெண். குனிந்தாள். ஹவில்தார் இடது கையால் திருநீறு எடுத்தார்.

"அய்யா!" என்று வைரவன் மாமா பதறினார். "எடக் கையில குடுக்கப்படாது. வலக் கை."

அவருக்கு முடியாது, அந்தக் கை வராது என்று சொல்ல வாயெடுத்தேன். ஹவில்தார் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

வலது கை மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை வந்தது. தோள் முதலில் அசைந்தது, பிறகு முழங்கை. விரல்கள் பிரிய மறுத்தன. அந்தப் பெண் குனிந்தபடியே நின்றாள். குழந்தை அழுதது, தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பின்னால் ஒருவர்கூட முனகவில்லை. ரேஷன் கடையில் ஒரு நிமிடம் பொறுக்காத சனம் இது. மருத்துவமனையில் இப்படிக் காத்திருந்தால் இரண்டாவது நிமிடம் நர்ஸ் கையைப் பிடித்துத் தானே தூக்கிவிட்டிருப்பாள். இங்கே யாரும் தொடவில்லை. சாமியைத் தொட முடியாது.

கட்டைவிரல் விரிந்தது. தட்டில் இறங்கியது. ஏறி வந்தது. நெற்றி என்று நினைத்துப் புருவத்தில் பூசிவிட்டார்.

"அய்யா குடுத்துட்டாரு" என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டு. அடுத்த ஆள் குனிந்தார்.

வரிசை டீக்கடையைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்கரை வரை நின்றது. வெயில் ஏறியது. யாரும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நெற்றிக்கும் அந்தக் கை மடியிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது.

கூட்டம் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக நானும் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. நான் குனிந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. திருநீறு என் மூக்கின்மேல் விழுந்தது. நான் நிமிரவில்லை. மறுபடி எடுத்தார்.